ஆன் ஹட்சின்சன் எதற்காக நாடு கடத்தப்பட்டார்?

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்திலிருந்து 1637 நவம்பரில் ஆன் ஹட்சின்சன் ஏன் நாடு கடத்தப்பட்டார், பெண்ணாக இருந்துகொண்டு வேதம் போதித்தார் என்பதுதான் காரணமா, அவரைச் சமயச் சுதந்திரத்துக்காகப் போராடியவர் என்று சொல்வது சரியா என்பதே கேள்வி. ஒரு பெண் போதித்தது அன்றைய ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் விஷயம் அவ்வளவுதான் என்றால் அது ஒரு கண்டிப்போடு முடிந்திருக்கும். ஒருவர் இரட்சிக்கப்பட்டவரா இல்லையா என்று முடிவு சொல்லும் அதிகாரம் அங்கே சபைப் போதகர்களின் கையில் இருந்தது. அந்த முடிவின் மேல்தான் அந்தக் குடியேற்றத்தின் அரசாங்கமே நின்றது. அதைச் சொல்லும் தகுதி உங்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது என்று ஹட்சின்சன் சொன்னார். நாடு கடத்தலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

அவர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஆல்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1591இல் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் மார்பரி ஆங்கிலிக்கன் குருவானவர். படிப்பறிவற்றவர்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறார்கள் என்று ஆயர்களை நேருக்கு நேர் குற்றம் சாட்டியதற்காக அவர் 1578இல் விசாரிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த விசாரணையை உரையாடல் வடிவில் தாமே எழுதியும் வைத்தார். தந்தையின் அந்தக் குறிப்பையும் மகளின் விசாரணைக் குறிப்பையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்களுக்கு, அதிகாரிகளின் கேள்வியை அவர்கள் பக்கமே திருப்பி விடும் அந்தப் பழக்கம் எந்த வீட்டில் பிறந்தது என்பது விளங்கிவிடும். 1612இல் ஆன், வில்லியம் ஹட்சின்சன் என்ற துணி வணிகரை மணந்தார். அவருக்குப் பதினைந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், இங்கிலாந்திலேயே இருந்த பாஸ்டன் நகரத்துப் போதகர் ஜான் காட்டனின் பிரசங்கங்கள் அவரை ஆட்கொண்டன. திருச்சபை அதிகாரிகளின் நெருக்கடியால் காட்டன் 1633இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஹட்சின்சன் குடும்பமும் பின்தொடர்ந்து, 1634 செப்டம்பரில் புதிய பாஸ்டனில் கரையிறங்கியது. கணவர் வசதியான வணிகர் என்பதால் அவர்களுக்கு ஊரின் நடுவிலேயே வீடு அமைந்தது. தெருவுக்கு எதிரில் குடியிருந்தவர் ஜான் வின்த்ரோப், குடியேற்றத்தை நிறுவியவர்களில் தலையாயவர்.

அங்கு அரசாங்கம் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. சபை அங்கத்தினராக இல்லாத எவருக்கும் ஓட்டுரிமை கிடையாது என்று, சட்டம் இயற்றுவதும் வழக்கு விசாரிப்பதுமான பொதுமன்றம் 1631இலேயே விதித்திருந்தது. சபையில் சேர்வதும் எளிதாக இல்லை. தேவன் தம் உள்ளத்தில் எப்படிக் கிரியை செய்தார், தாம் எப்படி மனந்திரும்பினார் என்பதைச் சேர விரும்புகிறவர் சபை முன்னால் எடுத்துரைக்க வேண்டும். போதகரும் மூப்பர்களும் திருப்தி அடைந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே ஒருவருடைய ஆத்துமாவின் நிலையைப் பற்றிப் போதகர் கொண்ட கருத்து, ஆளுநரைத் தேர்ந்தெடுக்க அந்த மனிதருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்தது. ஹட்சின்சனே இந்தச் சோதனையில் சற்றுத் தடுக்கப்பட்டார். கப்பலில் உடன் வந்த சக்கரியா சிம்ஸ் என்ற போதகரிடம் அவர் துணிந்து கேட்ட கேள்விகள் சந்தேகத்தைக் கிளப்பியதால், கணவர் சேர்த்துக்கொள்ளப்பட்டு ஒரு வாரம் கழித்தே அவருக்குச் சபையில் இடம் கிடைத்தது.

இனி, சண்டை எதைப் பற்றியது என்பதைப் பார்க்கலாம். மனிதன் தன் நற்செயலால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, தேவனுடைய கிருபையால் மட்டுமே அது கிடைக்கிறது என்பதில், அந்தக் குடியேற்றத்தை அமைத்த பியூரிட்டன்கள் என்ற தூய்மைவாதிகள் எல்லாரும் ஒரே மனமாக இருந்தார்கள். சிக்கல் அடுத்த படியில் இருந்தது: கிருபை கிடைத்துவிட்டது என்பதை எப்படி அறிவது? ஒழுக்கமான வாழ்க்கை, தவறாத ஜெபம், ஓய்வுநாள் ஆசரிப்பு ஆகியவை கிருபைக்குச் சான்றுகள் என்று பெரும்பாலான போதகர்கள் கற்பித்தார்கள். அப்படிக் கற்பித்தால்தான் மக்கள் ஒழுங்காக நடப்பார்கள், சபைக்கும் ஓர் அளவுகோல் இருக்கும். வெளி நடத்தையைச் சான்றாகக் கொள்வது, முன்வாசலில் துரத்திய கிரியைகளின் உடன்படிக்கையை, அதாவது நற்செயலால் இரட்சிப்பு கிடைக்கும் என்ற கொள்கையைப் பின்வாசல் வழியாக அழைத்து வருவதற்குச் சமம் என்று ஹட்சின்சன் வாதிட்டார். பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் நேரடியாகத் தரும் உறுதியே சான்று. மாய்மாலக்காரனும் ஒழுக்கமாக நடந்து காட்டிவிட முடியும். காட்டனும் ஜான் வீல்ரைட் என்ற போதகரும் கிருபையின் உடன்படிக்கையைப் போதிக்கிறார்கள், மற்றவர்களுடைய பிரசங்கம் கிரியைகளின் பக்கம் சாய்கிறது என்ற கருத்து அவர் வீட்டிலிருந்து ஊரெங்கும் பரவியது. எதிராளிகள் இந்தக் கூட்டத்துக்கு அண்டினோமியர் என்று பெயர் சூட்டினார்கள். நியாயப்பிரமாணம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி மனம்போனபடி வாழ்கிறவர்கள் என்ற பழி அந்தப் பெயருக்குள் இருந்தது. ஹட்சின்சன் அப்படி வாழ்ந்தவரும் இல்லை, வாழச் சொன்னவரும் இல்லை.

அவர் செல்வாக்கு பிரசவ அறைகளில்தான் வேர்விட்டது. அக்காலத்தில் பிரசவத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடுவார்கள். மருத்துவம் அறிந்தவரும் பல பிள்ளைகளைப் பெற்றவருமான ஹட்சின்சன் அங்கே நம்பிக்கையான துணை. தாயும் சேயும் எந்த நேரத்திலும் சாகக்கூடிய அந்த அறையில், நான் இரட்சிக்கப்பட்டவளா என்ற கேள்வி வெறும் தர்க்கமாக இருந்திருக்க முடியாது. அதிலிருந்து வாராந்தரக் கூட்டம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்க முடியாமல் போன பெண்களுக்கு அதைத் திரும்பச் சொல்வதே தொடக்கத்தில் அதன் நோக்கம். சீக்கிரமே திரும்பச் சொல்வதோடு விளக்கமும், விளக்கத்தோடு விமரிசனமும் சேர்ந்துகொண்டன. அறுபது எண்பது பேர் வரை வந்தார்கள். ஆண்களும் வரத் தொடங்கினார்கள். 1636இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர் ஹென்றி வேனும் அவர் பக்கம் நின்றார்.

வேன் ஆளுநராக இருந்தவரை அவரைத் தொட முடியவில்லை. அடியோட்டம் 1637இல் திரும்பியது. ஹட்சின்சனின் நாத்தனார் கணவரான ஜான் வீல்ரைட், ஜனவரி 19 அன்று உபவாச நாள் பிரசங்கத்தில் கிரியைகளைச் சார்ந்தவர்களோடு ஆவிக்குரிய போராட்டம் வேண்டும் என்று பேசினார். மார்ச்சில் அதை ராஜதுரோகம் என்று மன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்துப் பாஸ்டன்வாசிகள் விண்ணப்பம் கொடுத்தார்கள். மே மாதத் தேர்தல், ஹட்சின்சன் ஆதரவாளர்கள் நிறைந்த பாஸ்டனில் நடக்காமல் நியூடவுனில், அதாவது இன்றைய கேம்பிரிட்ஜில் நடந்தது. வேன் தோற்று வின்த்ரோப் ஆளுநரானார். மன்றத்தின் அனுமதி இல்லாமல் புதிதாக வருகிறவர்களை மூன்று வாரத்துக்கு மேல் யாரும் தங்க வைக்கக் கூடாது என்ற சட்டமும் வந்தது. இங்கிலாந்திலிருந்து மேலும் ஹட்சின்சன் பக்கத்தார் வந்து சேர்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். இடையில் பெக்குவாட் பூர்வகுடிகளோடு நடந்த போருக்கு, படையோடு செல்லும் குருவாகப் பாஸ்டன் சபைப் போதகர் ஜான் வில்சன் நியமிக்கப்பட்டபோது, கிரியைகளைப் போதிக்கிறவர் என்று அவர்மேல் இருந்த குறையால் பாஸ்டன் சபையார் அதில் சேரத் தயங்கினார்கள். ஒரு வீட்டின் கூடத்தில் பேசப்பட்ட வேதக்கருத்து படைசேர்ப்பையே தடுக்கும் என்று கண்ட பிறகு, வின்த்ரோப்பைப் போன்ற ஆட்சியாளர் சும்மா இருந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகஸ்டு இறுதியில் கூடிய போதகர்களின் ஆலோசனைச் சபை எண்பத்திரண்டு பிழைகளைப் பட்டியலிட்டுக் கண்டித்தது. பெண்கள் சிலர் கூடி ஜெபிக்கலாம், ஆனால் ஒரு பெண் வாரந்தோறும் அறுபது பேரை உட்கார வைத்துக் கேள்விகளுக்கு விடை சொல்வது ஒழுங்கீனம் என்றும் முடிவு செய்தது.

நவம்பர் 7, 8 ஆகிய இரு நாள் நியூடவுனில் நடந்த விசாரணையை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் குறிப்பு எஞ்சியிருக்கிறது, பல இடங்களில் வார்த்தைக்கு வார்த்தை. வின்த்ரோப்தான் தலைமை நீதிபதி; குற்றம் சாட்டுகிறவரும் அவரே. ஹட்சின்சனுக்கு வயது 46, வழக்கறிஞர் கிடையாது. உடல் தளர்வது முகத்தில் தெரிந்த பிறகுதான் உட்கார அனுமதித்தார்கள். என் மேல் என்ன குற்றம் என்று அவர் முதலிலேயே கேட்டார். ராஜதுரோகிகளுக்குத் துணை போனீர்கள் என்றார் வின்த்ரோப். எந்தச் சட்டத்தை மீறினேன் என்று திரும்பக் கேட்டார். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவாயாக என்ற ஐந்தாம் கற்பனையை என்றார் வின்த்ரோப். ஆட்சியாளர்கள் மக்களுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் விண்ணப்பத்தில் ஹட்சின்சன் கையெழுத்திடவே இல்லை. பெண்கள் கையெழுத்திடும் வழக்கமும் இல்லை. வாதம் சிக்கலானபோது, உங்கள் பாலினத்தாரோடு நாங்கள் தர்க்கம் செய்வதாக இல்லை என்று வின்த்ரோப் அதை முடித்துவைத்தார்.

கூட்டங்கள் நடத்தியதைப் பற்றிக் கேட்டபோது, முதிர்ந்த பெண்கள் இளம்பெண்களுக்குப் போதிக்க வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் சொல்லியிருக்கிறதே என்றார். அது வீட்டு வேலையைப் பற்றியது என்றார்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவுக்குத் தேவ மார்க்கத்தை விளக்கவில்லையா என்று அடுத்த வசனத்தை எடுத்தார். முதல் நாளில் அவர்களால் அவரை எந்தப் பக்கமும் மடக்க முடியவில்லை. எஞ்சியது ஒரே குற்றச்சாட்டு: போதகர்களை இழிவாகப் பேசினார் என்பது. 1636 டிசம்பரில் காட்டனின் வீட்டில் போதகர்கள் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டபோது சொன்ன பதில்களை இப்போது மன்றத்தில் சாட்சியாக வைத்தார்கள். அந்தரங்கமாகக் கேட்டதை வழக்காக்கியது எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது.

அன்றிரவு ஹட்சின்சன், அந்த டிசம்பர் சந்திப்பில் வில்சன் எழுதிய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் காலை, போதகர்கள் நேற்றுச் சொன்னது குறிப்போடு பொருந்தவில்லை, ஆகவே அவர்கள் சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார். வழக்கின் மிகக் கூர்மையான நகர்வு இதுதான். சத்தியம் செய்தபின் ஒரு சொல் பிசகினாலும் தேவனுடைய நாமத்தை வீணில் வழங்கிய பாவம் போதகர்கள் தலையில் விழும். சத்தியம் செய்யாவிட்டால் சாட்சியம் நிற்காது. போதகர்கள் தயங்கினார்கள், மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. அவருக்காகப் பேச எழுந்த ஜான் காகெஷாலை, ஹியூ பீட்டர் என்ற போதகர் அதட்டி உட்கார வைத்தார். கடைசியில் காட்டனே எழுந்து, போதகர்கள் கிரியைகளின் உடன்படிக்கையைப் போதிக்கிறார்கள் என்று அவர் சொன்னதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். அந்த நிமிடத்தில் வழக்கு ஏறத்தாழ உடைந்துவிட்டது.

அப்போதுதான் ஹட்சின்சன் தாமாகப் பேசத் தொடங்கினார். எந்தப் போதகர் உண்மையைப் போதிக்கிறார், எவர் போதிக்கவில்லை என்று தேவன் தமக்குப் பிரித்துக் காட்டியதைச் சொன்னார். அது ஆவியானவர் என்று எப்படித் தெரியும் என்று மன்ற உறுப்பினர் இன்க்ரீஸ் நோவெல் கேட்டார். கொலை செய்யாதிருப்பாயாக என்ற கற்பனைக்கு விரோதமாக, மகனைப் பலியிடச் சொன்னவர் தேவன்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டார். நேரடியான சத்தத்தால் என்றார் துணை ஆளுநர் தாமஸ் டட்லி. எனக்கும் அப்படியே நேரடியான வெளிப்படுத்தலால் என்றார் அவர். என் சரீரத்தின்மேல் உங்களுக்கு அதிகாரம் உண்டு, என் சரீரத்தின்மேலும் ஆத்துமாவின்மேலும் இயேசுவுக்கே அதிகாரம் உண்டு. இந்த வழியில் போனால் உங்கள்மேலும் உங்கள் சந்ததியின்மேலும் சாபம் வரும், கர்த்தருடைய வாய் இதைச் சொல்லிற்று என்று முடித்தார்.

ஏன் பேசினார் என்பதைப் பற்றி அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். களைப்பினால் வாய் தவறினார் என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. இரண்டு நாளாக ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசியவர் அவர். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தப்பித்துப் போவது, தேவன் தமக்குக் கொடுத்ததை மறுதலிப்பதாகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிற்பாடு சபையிலும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். எப்படியானாலும், வேதாகமத்துக்கு வெளியே தேவன் நேரடியாகப் பேசுகிறார் என்பது தூய்மைவாதிகளுக்குக் கொடிய பிழை. ஒருவருக்குத் தேவன் நேரடியாகப் பேசுகிறார் என்று ஒத்துக்கொண்டால் போதகர் எதற்கு, சபை எதற்கு, மன்றம் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். இல்லாத குற்றச்சாட்டு இப்போது கிடைத்துவிட்டது. இவர் தேவனுடைய சட்டத்தையும் மீறவில்லை, நாட்டுச் சட்டத்தையும் மீறவில்லை என்று வில்லியம் காடிங்டன் எழுந்து வாதாடினார், பயனில்லை. காடிங்டனும் வில்லியம் கோல்பர்னும் எதிர்த்துக் கை உயர்த்தினார்கள், இன்னொருவர் எப்பக்கமும் கை உயர்த்த மறுத்தார், மற்ற எல்லாரும் தண்டனைக்கு உடன்பட்டார்கள். நம் சமூகத்துக்குத் தகாத பெண் என்று சொல்லி நாடு கடத்தினார்கள். எதற்காக என்னை நாடு கடத்துகிறீர்கள் என்று கேட்டார். இனிப் பேச வேண்டாம், காரணம் மன்றத்துக்குத் தெரியும், அதில் மன்றத்துக்குத் திருப்தி என்றார் வின்த்ரோப்.

குளிர்காலம் முழுவதும் ராக்ஸ்பரியில் ஒரு வீட்டில் காவலில் வைத்தார்கள். அவரை ஆதரித்த எழுபத்தைந்து ஆண்களிடமிருந்து துப்பாக்கிகளையும் வாள்களையும் வாங்கிக்கொள்ள மன்றம் உத்தரவிட்டது. காவலில் இருந்தவரிடம் போதகர்கள் மாறி மாறி வந்து பேசி, ஆத்துமா மரிக்குமா, சரீரம் உயிர்த்தெழுமா என்பன போன்ற புதிய பிழைகளைத் திரட்டினார்கள். 1638 மார்ச்சில் பாஸ்டன் சபை அவரை விசாரித்தபோது, காட்டனே அவருக்கு எதிராகக் கண்டன உரை நிகழ்த்தினார். யாரைப் பின்பற்றிக் கடல் கடந்து வந்தாரோ அவர் வாயிலிருந்தே அதைக் கேட்க வேண்டியிருந்தது. நீ உன் இடத்தை விட்டு விலகிவிட்டாய். மனைவியாக இருப்பதைவிடக் கணவனாக, கேட்கிறவளாக இருப்பதைவிடப் பிரசங்கியாக, குடிமகளாக இருப்பதைவிட ஆட்சியாளனாக நடந்தாய் என்றார் ஹியூ பீட்டர். பெண் என்பது இந்த வழக்கில் எவ்வளவு எடை பெற்றது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. மூன்று படிகளையும் ஒன்றாகவே அவர்கள் பார்த்தார்கள். ஹட்சின்சன் பல பிழைகளை எழுத்தில் விட்டுக்கொடுத்தார். மனந்திரும்புதல் தாளில் இருக்கிறது, முகத்தில் இல்லை என்றார் டட்லி. கடைசியில் பொய் சொன்னார் என்று காரணம் காட்டி, வில்சன் அவரைச் சாத்தானுக்கு ஒப்புக்கொடுத்துச் சபையிலிருந்து விலக்கினார். அவர் எழுந்து வெளியேறியபோது மேரி டயர் என்ற இளம்பெண் கூடவே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த மேரி டயர் பின்னாளில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவில் சேர்ந்து, 1660இல் அதே பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

குடும்பமும் ஆதரவாளர்களும் முன்பே மாசச்சூசெட்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த போதகர் ரோஜர் வில்லியம்ஸின் உதவியோடு நரகான்செட் பூர்வகுடி மக்களிடமிருந்து, இன்றைய ரோட் ஐலண்டில் உள்ள அக்விட்னெக் தீவில் நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அங்கே அவருக்குக் கரு கலைந்து உருக்குலைந்த சதைத்திரளாக வெளிப்பட்டபோது, அவருடைய பிழைகள்தான் அப்படி உருவெடுத்தன என்று வின்த்ரோப் எழுதிவைத்தார். இன்றைய மருத்துவர்கள் அதை முத்துப்பிள்ளை என்ற கருக்கோளாறு என்று அடையாளம் காண்கிறார்கள். கணவர் இறந்ததும், மாசச்சூசெட்ஸின் கை தீவு வரை நீளும் என்ற அச்சத்தில் டச்சு ஆட்சிப்பகுதிக்கு, இன்றைய நியூயார்க் நகரின் பிராங்ஸ் பக்கத்துக்குப் போனார். அங்கே டச்சு ஆளுநர் கீஃப்ட் பூர்வகுடிகள்மேல் தொடுத்த போரின் பழிவாங்கலில், 1643இல் சிவனாய் மக்களின் தாக்குதலில் அவரும் அவருடைய பிள்ளைகள் பலரும் கொல்லப்பட்டார்கள். சூசன்னா என்ற சிறுமி மட்டும் பிடித்துச் செல்லப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பினாள். பாஸ்டன் போதகர்கள் அந்த மரணத்தைத் தேவனுடைய தீர்ப்பாகக் கொண்டாடினார்கள்.

சமயச் சுதந்திரத்துக்காகப் போராடியவரா என்ற கேள்விக்கு வருகிறேன். மாசச்சூசெட்ஸ் அரசு மாளிகை முன்னால் 1922இல் நிறுவப்பட்ட சிலையின் வாசகம் அவரைக் குடிமைச் சுதந்திரத்துக்கும் சமயச் சகிப்புக்கும் துணிந்து குரல் கொடுத்தவர் என்கிறது. 1987இல் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் நாடு கடத்தல் உத்தரவை ரத்து செய்தார். மரியாதை செலுத்துவது நியாயமே. ஆனால் விசாரணைக் குறிப்பில் எந்த இடத்திலும், தவறான நம்பிக்கை கொண்டவரையும் விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் தவறு, நான் சரி என்றுதான் சொன்னார், அதற்குத் தேவனையே சாட்சியாக அழைத்தார். அவர் கைப்பட எழுதிய எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் குரல் நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அவரைத் தண்டித்தவர்கள் காலத்துக் குறிப்புகள் வழியாகத்தான். மன்ற விசாரணையை 1767இல் அச்சில் வெளியிட்ட தாமஸ் ஹட்சின்சன் அவருடைய வம்சத்தில் வந்தவர் என்பது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இவ்வளவு சொன்ன பிறகும், அவர் பட்டது வீண்போகவில்லை என்றே கருதுகிறேன். அவருக்காகத் தம் ஊரை இழந்தவர்களுக்கு, மன்றம் ஒருவருடைய வேதக்கருத்தை விசாரித்தால் என்ன நடக்கும் என்பது கேள்விப்பட்ட செய்தியாக இல்லாமல் கண்கூடாகத் தெரிந்திருந்தது. 1641 மார்ச்சில் அக்விட்னெக் தீவின் மன்றம் போர்ட்ஸ்மத்தில் கூடி, அரசாங்கத்துக்கும் சட்டத்துக்கும் நேர்விரோதமாக இல்லாதவரை எவரையும் அவருடைய உபதேசத்துக்காகக் குற்றவாளியாக எண்ணக் கூடாது என்று விதித்தது. அப்போது தீவின் ஆளுநராக இருந்தவர், நியூடவுனில் அவருக்காகக் கை உயர்த்திய வில்லியம் காடிங்டன்.